டிபிஏ ஆக என்ன கற்க வேண்டும்: உடைத்து, மீட்டு, பழகும் எட்டு மாதப் பாடம்

டேட்டாபேஸ் அட்மினிஸ்ட்ரேட்டர், சுருக்கமாக டிபிஏ, நான்கு விஷயங்களுக்குப் பொறுப்பு. தரவு தொலையக் கூடாது. உரியவர் தவிர வேறு யார் கைக்கும் அது போகக் கூடாது. எந்நேரமும் ஓட வேண்டும். கேட்டால் சட்டென்று வர வேண்டும். இந்த வரிசை முக்கியம். மெதுவாக ஓடும் டேட்டாபேஸை நாளைக்கு வேகப்படுத்திக்கொள்ளலாம். நேற்று வந்த ஆர்டர்கள் அழிந்துபோனால் எந்த ட்யூனிங்கும் அவற்றைக் கொண்டுவராது.

பல பயிற்சி வகுப்புகள் இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடிக்கின்றன. நிறுவுவது, க்வெரி (தரவைக் கேட்கும் கட்டளை) எழுதுவது, வேகப்படுத்துவது என்று போய், கடைசி வாரத்தில் ஒரு மணி நேரத்தைப் பேக்கப்புக்கு ஒதுக்குகின்றன. எடுத்த பேக்கப்பிலிருந்து தரவை மீட்டுப் பார்க்க நேரம் இருப்பதில்லை. கீழே உள்ள வழி வேறு. ஒரே ஒரு பழகு இயந்திரத்தை வைத்துக்கொண்டு, அதை வேண்டுமென்றே கெடுத்து, திரும்பத் திரும்பச் சரி செய்து கற்கும் வழி. தினமும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் சுமார் எட்டு மாதம் ஆகும். கணினி அறிவியல் பட்டம் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் லினக்ஸ் திரையைப் பார்த்து மிரளாத மனம் இருந்தால் போதும்.

ஒரு குறிப்பு: கட்டளைகளையும் அமைப்புகளின் பெயர்களையும் இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். ‘பிஜி டம்ப்’, ‘ஒர்க் மெம்’ போன்ற பெயர்களைத் தட்டும்போது நடுவே உள்ள இடைவெளிக்குப் பதில் அடிக்கோடு போட வேண்டும்.

எதைப் பிடித்துக்கொள்வது

ஆரக்கிள், எஸ்க்யூஎல் சர்வர், மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ்எஸ்க்யூஎல் என நான்கு பெரிய பெயர்கள் இருக்கின்றன. நான்கையும் ஒரே நேரத்தில் தொடுகிறவர் நான்கிலும் நிறுவுவதை மட்டும் கற்று நின்றுவிடுவார். ஒன்றை ஆழமாகப் பிடியுங்கள். 1970-இல் ஐபிஎம்மின் எட்கர் காட் முன்வைத்த, தரவை டேபிள்களாக அடுக்கும் ரிலேஷனல் மாதிரிதான் நான்குக்கும் அடித்தளம். ஒன்றின் உள்கட்டமைப்பு புரிந்தால் அடுத்ததற்கு மாறச் சில மாதம் போதும்.

தொடங்க போஸ்ட்கிரெஸ்ஸைப் பரிந்துரைக்கிறோம். முழு மென்பொருளும் இலவசம், எந்த வசதியும் பூட்டி வைக்கப்படவில்லை, அதிகாரபூர்வக் கையேடு நன்றாக எழுதப்பட்டிருக்கிறது. ஆரக்கிளின் இலவசப் பதிப்பில் 2 ஜிபி ரேம், 12 ஜிபி தரவு என்று வரம்பு உண்டு. கற்க அதுவும் போதும். உங்களுக்கு வேலை தரப்போகிற இடம் ஆரக்கிள் என்று உறுதியாகத் தெரிந்தால் அதிலேயே தொடங்குங்கள். கீழே வரும் எண்கள் போஸ்ட்கிரெஸ்ஸுக்கு உரியவை. பயிற்சிகளின் சாரம் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

பழகு இயந்திரம்

சொந்த மடிக்கணினியில் 8 ஜிபி ரேம் இருந்தால் போதும். கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளை நிறுவி, அதில் 2 சிபியு, 4 ஜிபி ரேம், 40 ஜிபி வட்டு கொடுத்து உபுண்டு சர்வர் 24.04 போடுங்கள். டெஸ்க்டாப் வேண்டாம், கட்டளை தட்டும் கறுப்புத் திரை மட்டும். உபுண்டுவின் களஞ்சியத்திலிருந்து போஸ்ட்கிரெஸ் 16 வந்துவிடும். நிறுவி முடித்ததும் விர்ச்சுவல்பாக்ஸில் ஒரு ஸ்னாப்ஷாட் (அந்த நிலையின் நகல்) எடுத்து வையுங்கள். அதன் பிறகு எவ்வளவு கெடுத்தாலும் பயமில்லை.

வெறும் டேபிளில் பத்து வரி போட்டுப் பழகுவது வீண் வேலை. பத்து வரிக்கு எல்லாமே வேகமாகத்தான் இருக்கும். போஸ்ட்கிரெஸ்ஸுடன் வரும் பிஜிபெஞ்ச் கருவியை, அளவுக் காரணி 100 கொடுத்துத் தொடக்க முறையில் ஓட்டினால், கணக்குகள் டேபிளில் 1 கோடி வரிகள் உருவாகும்; ஏறக்குறைய 1.5 ஜிபி. இனி எல்லாப் பயிற்சியும் இதன் மேல்தான்.

முதல் இரண்டு மாதம்: லினக்ஸும் எஸ்க்யூஎல்லும்

லினக்ஸில் டிபிஏவுக்குத் தேவைப்படுவது அதிகமில்லை, ஆனால் தேவைப்படுவது விரலில் இருக்க வேண்டும். வட்டில் எவ்வளவு இடம் மீதி, எந்த அடைவு அதைத் தின்கிறது, ரேம் எவ்வளவு, எந்த ப்ராசஸ் சிபியுவை இழுக்கிறது, வட்டு எழுதும் வேகம் என்ன, எந்தப் போர்ட் திறந்திருக்கிறது, லாக் ஃபைலில் கடைசி நூறு வரி என்ன சொல்கிறது. இந்தக் கேள்விகளுக்கு இரண்டு நிமிடத்தில் பதில் எடுக்கத் தெரிய வேண்டும். க்ரான் (குறித்த நேரத்தில் வேலையைத் தானாக ஓட்டுவது), கோப்பு உரிமைகள், சின்ன பாஷ் ஸ்கிரிப்ட், எஸ்எஸ்ஹெச் சாவி (தொலைவிலிருந்து உள்நுழைய) ஆகியவையும் இதில் சேரும்.

புதியவர்கள் குழம்பும் ஓர் இடம்: பெரிய லாக் ஃபைலை அழித்த பிறகும் வட்டு நிறைந்தே காட்டும். அந்தக் கோப்பை ஏதோ ஒரு ப்ராசஸ் இன்னும் திறந்து வைத்திருக்கிறது என்று பொருள். அது மூடும்வரை இடம் திரும்பாது.

கில் கட்டளையில் 9 போட்டு போஸ்ட்கிரெஸ் ப்ராசஸ் ஒன்றைக் கொல்லும் பழக்கத்தைத் தொடக்கத்திலேயே விட்டுவிடுங்கள். ஒரு இணைப்பை மட்டும்தானே கொன்றோம் என்று நினைப்பீர்கள். பகிர்ந்த நினைவகம் கெட்டிருக்கலாம் என்று தாய் ப்ராசஸ் முடிவெடுத்து, எல்லா இணைப்புகளையும் துண்டித்து, விபத்து மீட்பு ஓட்டிவிட்டுத்தான் திரும்பும். க்வெரியை மட்டும் நிறுத்த பிஜி கேன்சல் பேக்கெண்ட், இணைப்பையே முடிக்க பிஜி டெர்மினேட் பேக்கெண்ட் என்று முறையான வழிகள் இருக்கின்றன. இதை இப்போதே பழகு இயந்திரத்தில் இரண்டு விதமாகவும் செய்து, லாக் ஃபைலில் வரும் வித்தியாசத்தைப் படியுங்கள்.

டேட்டாபேஸிடம் தரவைக் கேட்கும் மொழியான எஸ்க்யூஎல்லில் ஜாயின், குரூப் பை, சப்க்வெரி, விண்டோ ஃபங்ஷன் வரை சரளமாக வர வேண்டும். ‘நல்’ (மதிப்பே இல்லாத காலி இடம்) எப்படி நடந்துகொள்கிறது என்பதற்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள். ‘நாட் இன்’ பட்டியலுக்குள் ஒரே ஒரு நல் நுழைந்தால் முழு க்வெரியும் ஒரு வரிகூடத் தராது. பிழைச் செய்தியும் வராது. ‘நாட் எக்ஸிஸ்ட்ஸ்’ எழுதினால் இந்தச் சிக்கல் இல்லை.

அப்டேட், டெலீட் எதுவானாலும் முதலில் பிகின் அடித்து ஒரு டிரான்சாக்ஷனைத் (ஒன்றாகவே உறுதியாகும், அல்லது ஒன்றாகவே ரத்தாகும் வேலைத் தொகுப்பு) தொடங்குங்கள். பிறகு கட்டளை. எத்தனை வரி மாறியது என்று வரும் எண்ணைப் படியுங்கள். நீங்கள் எதிர்பார்த்தது 3, வந்தது 48,211 என்றால் ரோல்பேக் அடித்து ரத்து செய்யுங்கள். சரியாக இருந்தால் மட்டும் கமிட் அடித்து உறுதி செய்யுங்கள். வேலைக்குச் சேர்ந்த பிறகு இந்த ஒரு பழக்கம் உங்களைப் பலமுறை காப்பாற்றும்.

மூன்றாம் மாதம்: உள்ளே என்ன நடக்கிறது

இந்த மாதம் படிப்பு அதிகம், செயல் குறைவு. ஆனால் இதைத் தாண்டிப் போகிறவர்தான் பின்னால் கட்டளைகளை மனப்பாடம் செய்கிறவராக நின்றுவிடுகிறார்.

போஸ்ட்கிரெஸ் தரவை 8 கேபி பக்கங்களாக வைக்கிறது. ஒரு வரியை மாற்றும்போது, மாற்றிய பக்கத்தை உடனே தரவுக் கோப்பில் எழுதுவதில்லை. என்ன மாற்றம் என்பதை முதலில் ஒரு தொடர் குறிப்பில் எழுதி வட்டில் உறுதி செய்கிறது. அதற்கு ரைட் அஹெட் லாக் என்று பெயர். எல்லோரும் சொல்வது வால். நம் மொழியில் அந்தப் பெயர் பொருத்தமாகவே வாய்த்துவிட்டது, புதியது எல்லாம் வாலில்தான் போய்ச் சேர்கிறது. ஒவ்வொரு வால் கோப்பும் 16 எம்பி. செக்பாயின்ட் வரும்போது, இயல்பாக 5 நிமிடத்துக்கு ஒருமுறை, மாறிய பக்கங்கள் தரவுக் கோப்புகளுக்குப் போகின்றன. நடுவில் மின்சாரம் போனால், கடைசி செக்பாயின்டிலிருந்து வாலை மறுபடி ஓட்டினால் எல்லாம் திரும்பிவிடும். விபத்து மீட்பு, ரெப்ளிகேஷன் (இன்னொரு சர்வரில் உடனுக்குடன் நகல் வைப்பது), குறிப்பிட்ட நேரத்துக்குத் திரும்பிப் போவது ஆகிய மூன்றும் இந்த ஒரே ஏற்பாட்டின் மேல்தான் நிற்கின்றன.

அடுத்தது, அப்டேட் என்றால் போஸ்ட்கிரெஸ்ஸில் பழைய வரியை அழித்து எழுதுவது கிடையாது. புதிய பிரதி ஒன்று எழுதப்படும்; பழையது, அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் டிரான்சாக்ஷன்களுக்காகக் கிடக்கும். யாருக்கும் தேவைப்படாத பிறகு அது செத்த வரி. ஆட்டோவாக்யூம் வந்து அந்த இடத்தைக் கூட்டிப் பெருக்கும். எப்போது வரும்? இயல்பான அமைப்பில் 50 வரிகளும் டேபிளின் 20 சதவீதமும் சேர்ந்த எண்ணிக்கையைச் செத்த வரிகள் தாண்டும்போது. 1 கோடி வரி டேபிளில் 20 லட்சம் செத்த வரிகள் சேரும்வரை அது எட்டிப் பார்க்காது. பெரிய டேபிள்களுக்கு மட்டும் இந்த அளவை 1 அல்லது 2 சதவீதமாகக் குறைப்பது வழக்கம். சர்வர் மெதுவாகிறதே என்று ஆட்டோவாக்யூமை நிறுத்திவைப்பவர்களும் உண்டு. டேபிள் ஊதிப்போவது மட்டுமல்ல அதன் விலை. டிரான்சாக்ஷன் எண்கள் 32 பிட் என்பதால் சுமார் 200 கோடிக்குள் பழைய வரிகளை உறைய வைத்தாக வேண்டும். அந்த எல்லையை நெருங்கினால் தரவைக் காக்க போஸ்ட்கிரெஸ் புதிதாக எதையும் எழுத மறுத்துவிடும்.

நான்காம், ஐந்தாம் மாதம்: பேக்கப்பும் மீட்பும்

எட்டு மாதத்தில் இரண்டு மாதம் இதற்கு. வேறு எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்காதீர்கள்.

2017 ஜனவரி 31 அன்று மென்பொருள் நிரல்களைச் சேமித்துவைக்கும் சேவையான கிட்லேப் நிறுவனத்தில் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். நடந்ததை அவர்களே மறைக்காமல் வெளியிட்டார்கள், மீட்புப் பணியை யூடியூபில் நேரலையாகவும் காட்டினார்கள். ரெப்ளிகா (நகல் சர்வர்) பின்தங்கியதைச் சரி செய்துகொண்டிருந்த பொறியாளர், ரெப்ளிகாவில் இருப்பதாக நினைத்து முதன்மைச் சர்வரின் தரவு அடைவை அழித்தார். ஓரிரு நொடியில் உணர்ந்து நிறுத்தியபோது சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபி மீதி இருந்தது. பேக்கப்பைத் தேடினால், பிஜி டம்ப் கோப்புகள் வெகுநாளாக உருவாகவே இல்லை: டேட்டாபேஸ் 9.6 பதிப்பு, டம்ப் எடுத்த கருவி 9.2. பதிப்பு பொருந்தாமல் அது தோற்றுக்கொண்டே இருந்தது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் டிமார்க் (அனுப்புநர் உண்மையானவரா என்று காட்டும்) கையொப்பம் இல்லாததால் திருப்பி அனுப்பப்பட்டு யார் கண்ணிலும் படவில்லை. கடைசியில் சோதனைச் சர்வருக்காக ஆறு மணி நேரம் முன்பு தற்செயலாக எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட் காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேரத் தரவு போயிற்று.

இதில் கோப்பை அழித்தது ஒரு கைப்பிசகு; யாருக்கும் நடக்கும். பேக்கப் இருக்கிறது என்ற நம்பிக்கையை யாரும் சோதிக்காததுதான் ஆறு மணி நேரத் தரவைக் கொண்டுபோனது.

முதல் பயிற்சி, பிஜி டம்ப். பிஜிபெஞ்ச் டேட்டாபேஸை கஸ்டம் வடிவத்தில் டம்ப் எடுத்து, வேறு பெயரில் புதிய டேட்டாபேஸ் உருவாக்கி, பிஜி ரெஸ்டோரால் ஏற்றுங்கள். எவ்வளவு நேரம் ஆனது என்று எழுதிவையுங்கள். பிறகு ஒரு புதிய விர்ச்சுவல் இயந்திரத்தில் அதே கோப்பை ஏற்றிப் பாருங்கள். பயனர் இல்லை என்ற பிழைகள் வரிசையாக வரும். பிஜி டம்ப் ஒரு டேட்டாபேஸை மட்டும் எடுக்கும். பயனர் ரோல்களும் கடவுச்சொற்களும் அதற்கு வெளியே இருப்பவை. அவற்றை பிஜி டம்ப்ஆல் கருவியில் ‘குளோபல்ஸ் ஒன்லி’ விருப்பத்தைக் கொடுத்துத் தனியாக எடுக்க வேண்டும்.

இரண்டாம் பயிற்சி, குறிப்பிட்ட நிமிடத்துக்குத் திரும்பிப் போவது. டிபிஏ வேலையின் இதயம் இது. படிகள் இவை:

1. ஆர்க்கைவ் மோடை ஆன் செய்து, ஆர்க்கைவ் கமாண்டில் ‘அதே பெயரில் கோப்பு ஏற்கெனவே இல்லையென்றால் மட்டும் வால் கோப்பை இந்த அடைவுக்கு நகலெடு’ என்று எழுதுங்கள். சர்வரை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும், ரீலோட் போதாது.

2. பிஜி பேஸ்பேக்கப் கொண்டு முழுப் பேக்கப் ஒன்று எடுங்கள்.

3. பிஜிபெஞ்ச்சைப் பத்து நிமிடம் ஓட்டுங்கள். இப்போதைய நேரத்தைக் க்வெரி போட்டு எடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிடம் கழித்து கணக்குகள் டேபிளை டிராப் செய்யுங்கள். பிஜி ஸ்விட்ச் வால் ஓட்டிக் கடைசி வால் கோப்பை ஆர்க்கைவுக்கு அனுப்புங்கள்.

4. பிஜி கிரியேட்கிளஸ்டர் கொண்டு 5433 போர்ட்டில் இரண்டாவது கிளஸ்டர் (தனியாக ஓடும் இன்னொரு போஸ்ட்கிரெஸ் சர்வர்) உருவாக்கி, அதை நிறுத்தி, தரவு அடைவைக் காலி செய்து பேஸ் பேக்கப்பை அதில் போடுங்கள். மூலச் சர்வரின் மேல் எழுதாதீர்கள். மீட்பு தோற்றால் உங்களுக்கு மிஞ்சியிருக்கும் ஒரே ஆதாரம் அதுதான்.

5. புதிய கிளஸ்டரின் அமைப்புக் கோப்பில் ரெஸ்டோர் கமாண்டையும், ரெகவரி டார்கெட் டைமில் குறித்துவைத்த நேரத்தையும் எழுதி, தரவு அடைவில் ‘ரெகவரி’ என்ற பெயரும் ‘சிக்னல்’ என்ற நீட்டிப்பும் கொண்ட காலிக் கோப்பு ஒன்றை வைத்துத் தொடங்குங்கள்.

6. இலக்கு நேரத்தை எட்டியதும் சர்வர் தானாக நின்று காத்திருக்கும். படிக்கலாம், எழுத முடியாது. டேபிள் இருக்கிறதா, கடைசி வரிகள் சரியா என்று பாருங்கள். சரி என்றால் பிஜி வால் ரீப்ளே ரெஸ்யூம் ஓட்டினால் முழுச் சர்வராக எழுந்துவிடும்.

முதல் முறையே இது ஓடினால் ஆச்சரியம்தான். தரவு அடைவின் உரிமையாளர் ரூட் என்று மாறியிருக்கும். போஸ்ட்கிரெஸ் பயனருக்கு மாற்றி, உரிமையை 0700 ஆக்க வேண்டும். நேர மண்டலம் எழுதாமல் விட்டிருப்பீர்கள். சர்வர் யூடிசியில் (உலகப் பொது நேரம்) இருக்க நீங்கள் கைக்கடிகாரம் பார்த்து எழுதியிருந்தால் ஐந்தரை மணி நேரம் தள்ளிப்போகும். இலக்கு நேரம் ஆர்க்கைவில் இருக்கும் கடைசி டிரான்சாக்ஷனுக்குப் பிறகு விழுந்தால், 13ஆம் பதிப்பிலிருந்து சர்வர் பிழை சொல்லி நின்றுவிடும். மூலச் சர்வரில் மேக்ஸ் கனெக்ஷன்ஸ் 300 ஆகவும் புதியதில் இயல்பான 100 ஆகவும் இருந்தாலும் மீட்பு நகராது. உபுண்டுவில் இன்னொரு பொறி: அமைப்புக் கோப்புகள் தரவு அடைவுக்கு வெளியே, ஈடிசி அடைவின் கீழ் இருக்கின்றன. பேஸ் பேக்கப்பில் அவை வராது. தனியாக நகலெடுக்காதவருக்குச் சர்வர் எரிந்துபோன நாளில்தான் இது தெரியும்.

இந்தப் பயிற்சியைக் குறிப்பைப் பார்க்காமல் செய்ய வரும்வரை, வாரம் இருமுறை செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் ஆன நேரத்தை எழுதுங்கள். பின்னாளில் மேலாளர் கேட்கும் இரண்டு கேள்விகளுக்கு, எவ்வளவு தரவு போகலாம், எவ்வளவு நேரத்தில் எழ முடியும் என்பவற்றுக்கு, ஊகிக்காமல் பதில் சொல்ல அந்தக் குறிப்பேடு வேண்டும்.

ரெப்ளிகாவும் அமைத்துப் பழகுங்கள், அது ஒரு நாள் வேலை. ஆனால் ரெப்ளிகா இருக்கிறதே, பேக்கப் எதற்கு என்று யாராவது கேட்டால் மூன்றாம் படியை அவரை வைத்துக்கொண்டே செய்து காட்டுங்கள். முதன்மையில் டேபிள் டிராப் ஆனால், ரெப்ளிகாவிலும் உடனுக்குடன் போய்விடும்.

வட்டு நிறைவதையும் இப்போதே அனுபவித்துவிடுங்கள். ஆர்க்கைவ் அடைவின் எழுதும் உரிமையை எடுத்துவிட்டு பிஜிபெஞ்ச் ஓட்டினால், அனுப்ப முடியாத வால் கோப்புகள் பிஜி வால் அடைவில் குவியும். கைவிடப்பட்ட ரெப்ளிகேஷன் ஸ்லாட்டும் (ரெப்ளிகாவுக்காக வால் கோப்புகளை நிறுத்திவைக்கும் ஏற்பாடு) இதையே செய்யும். அப்போது அந்த அடைவில் பழைய கோப்புகளை அழிக்கக் கை பரபரக்கும். கூடாது. அழித்தால் சர்வர் எழாமலே போகலாம். ஆர்க்கைவைச் சரி செய்யுங்கள், அல்லது தேவையற்ற ஸ்லாட்டை டிராப் செய்யுங்கள். மீதியைப் போஸ்ட்கிரெஸ்ஸே சுத்தம் செய்துகொள்ளும்.

ஆறாம் மாதம்: வேகமும் பூட்டுகளும்

ஒரு க்வெரி எப்படி ஓடியது என்று காட்டும் எக்ஸ்பிளெயின் அனலைஸ் வெளியீட்டைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். கணக்குகள் டேபிளில் கிளை எண் 55 உள்ள வரிகளைக் கேட்டால், கிளை எண்ணுக்கு இண்டெக்ஸ் (புத்தகத்தின் பொருளடைவு போன்றது) இல்லாததால் 1 கோடி வரியையும் படித்து 1 லட்சம் வரி எடுக்கும். இண்டெக்ஸ் போட்டுவிட்டு மறுபடி பாருங்கள். முக்கியமாகக் கவனிக்க வேண்டியது நேரத்தைவிட, க்வெரியைத் திட்டமிடும் போஸ்ட்கிரெஸ்ஸின் பகுதி எதிர்பார்த்த வரி எண்ணிக்கைக்கும் உண்மையில் வந்ததற்கும் உள்ள இடைவெளியை. 10 வரி வரும் என்று நினைத்து 4 லட்சம் வந்திருந்தால், தவறான ஜாயின் முறையைத் தேர்ந்திருக்கும். அனலைஸ் ஓட்டிப் புள்ளிவிவரத்தைப் புதுப்பிக்க வேண்டும். டெலீட்டுக்கு எக்ஸ்பிளெயின் அனலைஸ் போட்டால் உண்மையிலேயே அழிக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். பிகின், ரோல்பேக் நடுவே ஓட்டுங்கள்.

ஃபாரின் கீ (பிள்ளை டேபிளின் வரியைத் தாய் டேபிளின் வரியோடு இணைக்கும் விதி) வைத்தால் இண்டெக்ஸ் தானாக வரும் என்று பலர் நம்புகிறார்கள். போஸ்ட்கிரெஸ்ஸில் வராது. தாய் டேபிளில் ஒரு வரியை அழிக்கும்போதெல்லாம் பிள்ளை டேபிள் முழுவதும் தேடப்படும்.

நினைவக அமைப்புகளில் ஷேர்டு பஃபர்ஸ் இயல்பாக 128 எம்பி. தனிச் சர்வரில் ரேமின் 25 சதவீதம் நல்ல தொடக்கம். ஒர்க் மெம் இயல்பாக 4 எம்பி. இது சர்வருக்கு ஒன்று கிடையாது, ஒரு க்வெரிக்குள் நடக்கும் ஒவ்வொரு வரிசைப்படுத்தலுக்கும் ஒன்று. 64 எம்பி என்று வைத்துவிட்டு 200 இணைப்புகள் ஒரே நேரத்தில் வரிசைப்படுத்தினால் 12.8 ஜிபி. லினக்ஸ் ரேம் தீர்ந்து போஸ்ட்கிரெஸ்ஸைக் கொல்லும். இணைப்புகள் நூறுகளைத் தாண்டினால் எண்ணை ஏற்றிக்கொண்டே போகாமல் இணைப்புகளைப் பகிர்ந்து பயன்படுத்தும் பிஜிபவுன்சர் போன்ற பூலர் வையுங்கள்.

பூட்டுக்கு (ஒருவர் பயன்படுத்தும்போது மற்றவரைக் காக்கவைப்பது) மூன்று திரைப் பயிற்சி. முதல் திரையில் பிகின் அடித்து, கணக்குகள் டேபிளில் ஒரு வரி படித்துவிட்டு அப்படியே விடுங்கள். இரண்டாம் திரையில் அதே டேபிளில் ஒரு புதிய நெடுவரிசை சேர்க்க ஆல்டர் டேபிள் அடியுங்கள். நொடியில் முடிகிற வேலை, ஆனால் காத்து நிற்கும். மூன்றாம் திரையில் சாதாரண செலக்ட் ஒன்று அடியுங்கள். அதுவும் நிற்கும், ஆல்டருக்குப் பின்னால் வரிசையில் நிற்கிறது. யாரோ டீ குடிக்கப் போகும்போது திறந்து விட்டுப் போன ஒரு டிரான்சாக்ஷன் முழு வலைத்தளத்தையும் நிறுத்துவது இப்படித்தான். ஆல்டருக்கு முன் லாக் டைம்அவுட்டை 3 நொடி என்று வைத்தால், பூட்டு கிடைக்காதபோது அது விலகிக்கொள்ளும். பிறகு மறுபடி முயலலாம். இண்டெக்ஸ் உருவாக்கும்போது ‘கன்கரன்ட்லி’ சேர்ப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

ஏழாம் மாதம்: பாதுகாப்பு, கிளவுட், தமிழ்த் தரவு

யார் எப்படி இணையலாம் என்று சொல்லும் பிஜி எச்பிஏ கோப்பில் மேலிருந்து கீழாக முதலில் பொருந்தும் வரியே செல்லும். சோதனைக்காக மேலே போட்ட ஒரு ‘டிரஸ்ட்’ (கடவுச்சொல் கேட்காதே) வரி, கீழே எழுதிய எல்லாக் கடவுச்சொல் விதிகளையும் வெறும் அலங்காரமாக்கிவிடும். 5432 போர்ட்டை இணையத்துக்குத் திறக்காதீர்கள். செயலிக்கு சூப்பர்யூசர் (எல்லா உரிமையும் உள்ள பயனர்) கொடுக்காதீர்கள். டெவலப்பர்களுக்குச் சோதனைக்கென்று உண்மைத் தரவை நகலெடுத்துக் கொடுக்கும்போது பெயர், கைபேசி, ஆதார் எண்களை மாற்றிவிட்டுக் கொடுங்கள். இந்தியாவின் 2023ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், பாதுகாப்பில் தவறினால் அபராதம் ரூ. 250 கோடி வரை போகலாம்.

கிளவுடில் அமேசான் ஆர்டிஎஸ் போன்ற டேட்டாபேஸ் சேவைகள் நிறுவுதல், பேட்ச், பேக்கப்பைத் தாங்களே பார்த்துக்கொள்ளும். மோசமான க்வெரி, இல்லாத இண்டெக்ஸ், பூட்டு, உரிமைகள் எல்லாம் உங்கள் தலையில்தான். ஆர்டிஎஸ் தானியங்கிப் பேக்கப் அதிகபட்சம் 35 நாள். இன்ஸ்டன்ஸை அழிக்கும்போது வைத்திருக்கச் சொல்லாவிட்டால் அதுவும் போகும்.

தமிழ்த் தரவு கையாளும் இடத்தில் வேலை என்றால் இரண்டு விஷயம். ‘தமிழ்நாடு’ என்பது நம் கண்ணுக்கு 5 எழுத்து. யூனிகோடில் 9 குறிகள், யூடிஎஃப்-8இல் 27 பைட். விண்ணப்பத்தில் ‘பெயர் 20 எழுத்து’ என்று கேட்டுவிட்டு டேபிளின் நெடுவரிசை அளவையும் 20 என்று வைத்தால் நீளமான பெயர்கள் நுழையாது. அடுத்தது அகரவரிசை. கொலேஷன் (வரிசைப்படுத்தும் விதி) ‘சி’ என்றிருந்தால் யூனிகோட் எண் வரிசையில் அடுக்கும். அதில் ன, ப-வுக்கு முன்னால் வந்துவிடும். தமிழுக்குரிய ஐசியு கொலேஷனைத் தேர்ந்தால் வரிசை சரியாகும். மைஎஸ்க்யூஎல்லில் யூடிஎஃப்8எம்பி4 தேர்ந்தெடுங்கள். பழைய 3 பைட் வகையில் தமிழ் நுழையும், இமோஜி நுழையாது.

எட்டாம் மாதம்: சான்றிதழ், வேலை

சான்றிதழ் முதல் அழைப்பைப் பெற்றுத்தரும், அவ்வளவுதான். ஆரக்கிளுக்கு 082, 083 எண்ணுள்ள இரு தேர்வுகள், மைக்ரோசாஃப்டுக்கு டிபி-300 ஆகியவை அறியப்பட்டவை. அமேசானின் டேட்டாபேஸ் ஸ்பெஷாலிட்டி 2024 ஏப்ரலோடு நிறுத்தப்பட்டது. அதற்கென்று இன்னும் பணம் வாங்கும் வகுப்பைக் கண்டால் நடையைக் கட்டுங்கள். வினா வங்கியை மனப்பாடம் செய்து தேறுவது ஏட்டுச் சுரைக்காய்; நேர்காணலில் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும். ‘டேபிளை யாரோ பத்தே காலுக்கு டிராப் செய்துவிட்டார்கள், என்ன செய்வீர்கள்?’ என்பார்கள். மேலே உள்ள ஆறு படிகளை உங்கள் குறிப்பேட்டில் இருக்கும் நேரங்களோடு சொல்லுங்கள்.

நேரடியாக டிபிஏ பதவி கிடைப்பது அரிது. அப்ளிகேஷன் சப்போர்ட், எல்1 (முதல் நிலை) கண்காணிப்பு, லினக்ஸ் அட்மின், டெவலப்பர் என்று ஏதோ ஒரு வாசல் வழியாகத்தான் பெரும்பாலோர் உள்ளே வருகிறார்கள். எல்1 என்றால் இரவு ஷிப்ட் இருக்கும். அலர்ட் வந்தால் ரன்புக் (படிப்படியான செயல்குறிப்பு) பார்த்துச் செய்கிற வேலை என்று அலுத்துக்கொள்ள வேண்டாம். ரன்புக்கில் எழுதாமல் விட்டது எது என்று அங்கேதான் தெரியும்.

சேர்ந்த முதல் வாரத்தில் எந்த அமைப்பையும் மாற்றாதீர்கள். எத்தனை சர்வர், எந்தப் பதிப்பு, எவ்வளவு தரவு, யாருக்கு சூப்பர்யூசர் என்று ஒரு பட்டியல் எடுங்கள். போஸ்ட்கிரெஸ்ஸின் ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் ஐந்து ஆண்டுதான் ஆதரவு. காலாவதியானவற்றுக்கு எதிரே ஒரு குறி போடுங்கள். உங்கள் டெர்மினலில் புரொடக்ஷன் (உண்மைப் பயன்பாட்டில் உள்ள) சர்வரின் ப்ராம்ப்ட்டைச் சிவப்பாகவும் மற்றவற்றைப் பச்சையாகவும் மாற்றிக்கொள்ளுங்கள். பட்டியலில் கடைசியாக ஒரு நெடுவரிசை சேருங்கள்: இந்த டேட்டாபேஸைப் பேக்கப்பிலிருந்து கடைசியாக மீட்டுப் பார்த்த தேதி. பல வரிகளில் அந்த இடம் காலியாக இருக்கும். அவற்றில் மிகச் சிறியதாக ஒன்றைத் தேர்ந்து, தனிச் சர்வர் ஒன்று கேட்டு வாங்குங்கள். இரண்டாம் வார வேலை அங்கே தொடங்குகிறது.